நாலு ஒண்ணு ஒம்போது ஏழு

அந்த அக்கா என் கடையில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

நான் டைப் அடிக்கிறவள். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து கோர்ட்டுக்குப் போகிற வழியில் அப்பாவுக்கு ஒரு நோட்டுப் புத்தகக் கடை இருந்தது. அதில் பாதியை மறித்து ஒரு மேசை, தமிழுக்கு ஒன்றும் இங்கிலீஷுக்கு ஒன்றுமாக இரண்டு டைப்ரைட்டர், வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. மனுவோ அப்பீலோ வாடகைப் பத்திரமோ, எதுவானாலும் அடித்துக் கொடுப்பேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பெஞ்சில் சாய்ந்து குறட்டை விடுவார்கள். மீதிப் பேர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு தங்களுக்குத் தெரியாத இங்கிலீஷை எட்டி எட்டிப் பார்ப்பார்கள். இந்த இரண்டாவது ரகத்தைக் கண்டாலே எனக்கு ஆகாது. அக்கா இரண்டிலும் சேராதவள். வாசலுக்கும் மேசைக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பாள்.

“உக்காருங்கக்கா. நீங்க இப்படி நடந்தா எனக்கு எழுத்து தப்புது.”

“நான் உக்காந்தா அவன் நிம்மதியாத் தூங்குவான் தாயி. நீ அடி.”

அவன் என்றது ஒரு லாரிக்காரரை. அந்த ஆளின் தூக்கத்தைக் கெடுப்பதற்கென்றே பிறந்தவள்போல அவள் மூன்று வருஷம் அலைந்தாள். எழுபதுகளின் தொடக்கம் அது. ஒல்லியாக, உயரமாக இருப்பாள். குதிகால் இரண்டும் கோடைக் கண்மாய்போல வெடித்துக் கிடக்கும். கேஸ் கட்டைச் சேலை மடிக்கிற துணியில் மடித்துக் கக்கத்தில் வைத்திருப்பாள். வெற்றிலை போடுவதும் நடந்துகொண்டே, சுண்ணாம்பு தடவுவதும் நடந்துகொண்டே.

அவள் வீட்டுக்காரர் நெசவாளி. வீட்டுக்குள் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுகிற குடும்பம். ஒருநாள் அவர் நெய்த சேலைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு திருச்சுழி ரோட்டில் போயிருக்கிறார். பின்னால் மிளகாய் மூட்டை ஏற்றிவந்த லாரி அவரைத் தட்டிவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். லாரியின் முதலாளி திருச்சுழிப் பக்கத்துக் கிராமம். ஆஸ்பத்திரிக்கே தேடி வந்தார். ஒரு சீப்பு மலைப்பழமும், ஹார்லிக்ஸ் பாட்டிலும், கண்ணில் கொஞ்சம் தண்ணீரும் கொண்டுவந்தார்.

“கேசு கீசுன்னு அலையாதிய. லாரிக்கு இன்சூரன்சு இருக்கு. நானே எழுதிப்போட்டு வாங்கித் தாரேன். நீங்க பேசாம உக்காருங்க” என்றாராம்.

அக்கா உட்கார்ந்தாள். ஏழு மாதம் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு தடவை போய்க் கேட்டபோது, “மேலிடத்துல இருந்து வரணும்ல, பேசாம உக்காருங்க” என்று மறுபடியும் சொல்லி அனுப்பிவிட்டார். எட்டாம் மாதம் யாரோ அவளை ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனார்கள். வக்கீல் விசாரித்துச் சொன்னது இரண்டே சங்கதி. ஒன்று, நஷ்டஈடு கேட்டு மனுப்போட ஆறு மாதம்தான் கெடு. அது போய்விட்டது. இன்னொன்று, லாரி தட்டிய அன்றைக்கு அதற்கு இன்சூரன்சே இல்லை. பழைய பேப்பர் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது, அவர் புதுப்பிக்கவில்லை. இல்லாத இன்சூரன்சைக் காட்டி ஒரு பொம்பளையை ஏழு மாதம் உட்காரவைத்திருக்கிறார்.

அவளுக்காக நான் முதலில் அடித்தது அந்தக் காலதாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனு. வக்கீல் எழுதிக்கொடுத்ததை அடித்துக்கொண்டே, “ஏன் இத்தனை நாள் வரலைன்னு கோர்ட்டுல கேப்பாக, அதுக்கு ஒரு காரணம் சொல்லணும்க்கா” என்றேன்.

“உக்காந்துட்டேன்னு அடி” என்றாள்.

வக்கீலின் இங்கிலீஷில் அது, கல்வியறிவில்லாத மனுதாரர் எதிர்மனுதாரரின் வார்த்தையை நல்லெண்ணத்துடன் நம்பி என்று நான்கு வரிக்கு நீண்டிருந்தது. அவள் சொன்ன ஒரு சொல்தான் சரி என்று எனக்கு அன்றே பட்டது.

கோர்ட்டு மதுரையில். வாய்தாவுக்கு வாய்தா போவாள், வந்ததும் என் கடையில் ஒரு நடை நடந்து நடந்ததைச் சொல்வாள். தாமதத்தை மன்னித்துவிட்டார்கள். அதன்பின் லாரிக்காரருடைய வக்கீல் ஒரு வாதம் வைத்தார். நெசவாளி உட்கார்ந்த இடத்தில் கையால் வேலை பார்க்கிறவன். கால் போனதால் அவன் பிழைப்புக்கு என்ன குறைந்துவிட்டது என்று கேட்டிருக்கிறார். மதுரை வக்கீல், தறியைப் பட்டுக்கடை வாசலில் பொம்மையாகத்தான் பார்த்திருப்பார் போல. அவள் வீட்டுக்காரர் சாட்சிக் கூண்டில் கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றாராம். கீழே நின்றுகொண்டிருந்த அக்கா, கூப்பிடாமலேயே முன்னால் போய்விட்டாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே இடது காலும் வலது காலும் மாற்றி மாற்றி மிதித்துக் காட்டியிருக்கிறாள். தறிக்குழிக்குள் இருக்கிற மிதிகட்டையை மிதித்தால்தான் பாவு நூல் மேலும் கீழுமாகப் பிரியும், பாவு பிரிந்தால்தான் நடுவே நாடா ஓடும்.

“என்னம்மா இது?” என்று ஜட்ஜ் கேட்டாராம்.

“நெசவுங்க ஐயா. கை பாதி, கால் பாதி. ஒத்தக்கால் போனா பாதிச் சேலை வருமுன்னு நெனைக்காக. பாதி வராதுங்க, ஒண்ணுமே வராது.”

இதை எனக்குச் சொல்லும்போதும் மேசையைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். டைப்ரைட்டர் குலுங்கியது. ஜட்ஜ் சிரிக்கவில்லையாம். பேனாவை எடுத்து எழுதிக்கொண்டாராம்.

தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. இன்சூரன்சு இல்லாததால் முழுத்தொகையையும் லாரிக்காரரே கட்டவேண்டும் என்று ஆயிற்று. கடைத்தெருவில் இரண்டு பேர் அவளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்கள். அவளும் வாங்கித் தின்றாள். தீர்ப்பு வந்தால் பணம் வந்துவிடும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி.

லாரிக்காரர் பேரில் ஒன்றுமே இல்லை. வீடு மனைவி பேரில். புஞ்சை மச்சினன் பேரில். மிச்சம் அந்த லாரி ஒன்றுதான். அதை ஜப்தி செய்து ஏலம் விடச் சொல்லித் தாலுகா ஆபீசுக்கு உத்தரவு வந்தது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் மூன்று தடவை அந்தக் கிராமத்துக்குப் போனார். மூன்று தடவையும், “வண்டி லோடு போயிருக்கு சார்” என்று மோர் கொடுத்து அனுப்பினார்கள். எங்கே போயிருக்கிறது, எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. மோர் மட்டும் நன்றாக இருந்தது என்று இன்ஸ்பெக்டரே சொன்னாராம்.

அன்றைக்கு அக்கா வந்து, “தாயி, அந்த லாரி நம்பர எனக்குப் பெருசா வரைஞ்சு குடு” என்றாள்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண்ணத் தெரியும், அதுவும் தெலுங்கில்தான். லாரி நம்பரைக் கேட்டால், “நாலுகு, ஒகட்டி, தொம்மிதி, ஏடு” என்று மந்திரம் மாதிரிச் சொல்வாள். ரோட்டில் ஓடுகிற லாரியில் அதை அடையாளம் காண வழியில்லை. பழைய அட்டை ஒன்றில் மையைத் தொட்டு நான்கு எண்களையும் எழுதிக் கொடுத்தேன். உற்றுப் பார்த்தாள்.

“இது கவுந்த நாக்காலி. இது குச்சி. இது தொங்குற கரண்டி. இது அருவா” என்றாள். “போதும்.”

அதற்குப் பிறகு அவளை ரோட்டில்தான் பார்க்கமுடியும். காரியாபட்டி ரோட்டில் ஒருநாள், வீரசோழன் ரோட்டில் ஒருநாள், அட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பாள். நிழலுக்குப் போகமாட்டாள், நிழலுக்குப் போனால் உட்காரத் தோன்றுமாம். லாரி டிரைவர்களுக்கெல்லாம் அவளைத் தெரிந்துபோனது. “என்னக்கா, நாங்க நாக்காலியா, கரண்டியா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சில வம்புக்காரர்கள் அவளைக் கண்டதும் நம்பர் பலகையில் துண்டைப் போட்டு மூடுவார்கள். ஒரு தடவை வீரசோழனில் ஒரு லாரியைப் பார்த்து அரை மைல் பின்னால் ஓடியிருக்கிறாள். அது பாதையோரம் நின்றதும் படியில் தாவி ஏறிவிட்டாள். இறங்கி நம்பரைப் பார்த்தால் நாற்காலி, குச்சி, அருவாள், கரண்டி. கடைசி இரண்டும் இடம் மாறிக் கிடந்தன. அந்த டிரைவர் நல்ல மனுஷன், சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

நான் கேலி செய்திருக்கிறேன். அலுத்தும் இருக்கிறேன். “அக்கா, உங்க தறியிலயே ஒரு ஆளப் போட்டு நெய்யலாம்ல, ஏன் இப்படி வெயில்ல காயுறீக?” என்று ஒருநாள் கத்திவிட்டேன். அவள் கோபப்படவில்லை.

“ஆளுக்குக் கூலி? நூலு வாங்க? அது வந்தாத்தான தாயி இது” என்றாள். ஊரார் தறிக்கு நூலைக் குச்சியில் தார் சுற்றிக்கொடுத்து அரிசி வாங்குகிற குடும்பம். தார் சுற்றுவதுகூட வீட்டுக்காரர்தான். அவள் நடப்பாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் வேலைப் பிரிவினை.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் காலை அது. நான் இரண்டு டைப்ரைட்டரையும் கழற்றி, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, எண்ணெய் விட்டுத் துண்டு போட்டு மூடி வைத்துவிட்டேன். இனிப் பூஜையில் வைத்து எடுத்தபிறகுதான் தொடுவது. அக்கா வந்து நின்றாள். இன்ஸ்பெக்டரை நான்காம் தடவை அனுப்பச் சொல்லி ஒரு மனு வேண்டுமாம்.

“இன்னிக்கு ஆகாதுக்கா. துடைச்சு மூடியாச்சு. பூஜை முடியணும்.”

“நாளைக்கித்தான பூஜை?”

“துடைச்சதத் திரும்பத் தொடுவாகளா? ஊர்ல எல்லாரும் அப்படித்தான். தறியோ தராசோ, இன்னிக்கே கழுவி வச்சிருவாகல்ல.”

அவள் நடையை நிறுத்தினாள். அப்படி அவள் அசையாமல் நின்று நான் பார்த்ததே இல்லை.

“அப்ப லாரியையும் கழுவுவான்ல?” என்றாள்.

எனக்குப் பிறகுதான் உறைத்தது. எங்கே லோடு போயிருந்தாலும் ஆயுத பூஜைக்கு லாரி முதலாளி வீட்டுக்கு வந்தாகவேண்டும். வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் எந்த முதலாளியும் அடுத்த லோடு ஏற்றமாட்டான். வருஷம் பூராவும் ஒளிகிற லாரி நாளைக்கு வீட்டு வாசலில் நிற்கும். ஆனால் நாளைக்கு ஆபீசு கிடையாது, ஜப்தியும் கிடையாது. அது அவருக்கும் தெரியும். அதனால் நாளைக்குத் தைரியமாக நிறுத்துவார். இன்றைக்குக் கழுவத்தான் வேண்டும்.

“எங்கக்கா கழுவுவாக? அந்தப் பக்கம் கண்மாயில பொட்டுத் தண்ணி இல்லையே.”

“தண்ணி இல்லாததுதான் நல்லது தாயி. லாரி கழுவுற அளவுக்கு அங்க ஒரே ஒரு பம்புசெட்டுதான் ஓடுது. போன மாசம் பாத்தேன். நீ துண்ட எடு.”

அப்பா கல்லாவிலிருந்து எழுந்து, “ஏலா, துடைச்சு வச்சதத் தொடாத” என்றார். நான் துண்டை எடுத்தேன். எண்ணெய் காயாத அந்த டைப்ரைட்டரில் அடித்த மனுவில் எல்லா எழுத்தும் சிலும்பிப் போயிருந்தது. கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு நானும் கூடவே கிளம்பினேன். ஏன் கிளம்பினேன் என்று கேட்டால் தெரியாது. அவள் நடையில் ஒரு தொற்று இருந்தது.

திருச்சுழி பஸ்ஸில் பாதி சீட்டு காலி. அக்கா டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸை அவளே தள்ளுகிற மாதிரி முன்னால் சாய்ந்து நின்றாள். கண்டக்டர் உட்காரச் சொல்லி அலுத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தாலுகா ஆபீசில் பீரோக்களை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பனியனோடு நின்றார்.

“நாளும் கிழமையுமா ஜப்தியாம்மா? நல்லாருக்கா?”

“பொழுது அடைஞ்சா ஜப்தி செய்யக்கூடாதுன்னு நீங்கதான சொன்னிய. அதான் பொழுது கெடக்கும்போதே வந்துட்டேன். சட்டைய மாட்டுங்க சார்.”

மாட்டினார். எனக்கே ஆச்சரியம்தான்.

பம்புசெட்டுக்கு நாங்கள் போய்ச்சேரும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. வரப்பையொட்டிய வண்டிப் பாதையில் ஒரு லாரி நின்றது. ஒரு பக்கம் பளபளவென்று கழுவியாகிவிட்டது. மறுபக்கம் புழுதியோடு இருந்தது. கிளீனர் ஒருவன் தேங்காய் நாரை வைத்துச் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அக்கா அட்டையைப் பிரிக்கவில்லை. பின்பக்கம் போய் நம்பரை விரலால் தொட்டாள்.

“நாலுகு. ஒகட்டி. தொம்மிதி. ஏடு.”

கிளீனர் ஓடிப்போய் முதலாளியைக் கூட்டிவந்தான். நான் அவரை அதற்குமுன் பார்த்ததில்லை. கொம்பு முளைத்தவராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். சாதாரணமாக, கொஞ்சம் தொந்தியோடு, வேட்டியை மடித்துக் கட்டியபடி மூச்சு வாங்க வந்தார்.

“ஏத்தா, உனக்கு மனசாட்சியே இல்லையா? விடிஞ்சா பூஜை. ஒரு பொட்டு வச்சு, ஒரு எலுமிச்சம்பழம் நசுக்கிக் குடுத்துர்றேன். மூணு நாள் கழிச்சு எடுத்துக்க” என்று கைகூப்பினார். இன்ஸ்பெக்டர் நெளிந்தார். பூஜைக்கு நிற்கிற வண்டியைப் பிடிக்க அவருக்கும் பயம். உண்மையைச் சொன்னால் எனக்கும்தான்.

“எங்க தறிக்குழியில மூணு வருசமாக் கோழி அடையுது” என்றாள் அக்கா. “அதுக்கு யாரு பொட்டு வச்சா?”

இன்ஸ்பெக்டர் சூரியனை ஒருமுறை பார்த்துவிட்டுக் காகிதத்தை லாரிக் கண்ணாடியில் ஒட்டினார். பாதி கழுவிய லாரி தாலுகா ஆபீஸ் வளாகத்துக்கு வந்து சேர்ந்தது.

ஜெயித்தோம் என்றுதான் நினைத்தேன். ஏலத்துக்குத் தண்டோரா போட்டு, நாள் வந்து, ஐம்பது பேர் கூடி லாரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். டயரைத் தட்டினார்கள். ஒருவர்கூட ஏலம் கேட்கவில்லை. ஒருத்தன் காலைத் தின்ற வண்டி. ஆயுத பூஜைக்குப் பொட்டு வாங்காத வண்டி. அதைவிட, ஒரு பொம்பளை மூன்று வருஷம் வயிறெரிந்து பிடித்த வண்டி. இதை வாங்கினால் வாங்கினவன் குடும்பம் விளங்குமா என்று அவள் காதுபடவே பேசினார்கள். இன்னொரு ஏலம் வைப்போம், அதிலும் போகாவிட்டால் வண்டி இங்கேயே நின்று மக்கவேண்டியதுதான் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் கடைக்கு வந்தவள் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தாள்.

“நானே கெடுத்துட்டேன் தாயி. அவன் கெஞ்சினான்ல, ஒரு பொட்டு வைக்க விட்டிருந்தா நாலு பேரு கேட்டிருப்பான்” என்றாள். காபி வாங்கித் தந்தேன். அதையும் நடந்தே குடித்தாள். டம்ளரை வைக்கும்போது, “வர்ற அமாவாசைக்கு நீ திருச்சுழிக்கு வா” என்றாள்.

அமாவாசைக் காலையில் அவள் தன் வீட்டுக்காரரை மாட்டு வண்டியில் ஏற்றித் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுவந்திருந்தாள். நான் அவரை நேரில் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. மெலிந்த, சாந்தமான மனிதர். ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டால் வாசல் நிலையைப் பிடித்துக்கொள்வார் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். ஒரு பூசணிக்காய், நான்கு எலுமிச்சம்பழம், சந்தனம், கற்பூரம் எல்லாம் கூடையில் இருந்தன. மனுக்கொடுக்க வந்த கூட்டம் மொத்தமும் லாரியைச் சுற்றிக் கூடிவிட்டது. அக்கா லாரியின் கதவைத் திறந்து, ஏறச்சொல்லி அவருக்குக் கை காட்டினாள்.

அவர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்தது ஒரு சொல்தான். “வத்து, வத்து” என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வேண்டாம், வேண்டாம். அவள் தணிந்த குரலில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் இரண்டு ஆட்கள் அவரைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார்கள். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். இல்லாத காலின் வேட்டி காற்றில் ஆடியது. எனக்கு அக்காமேல் கடுமையான கோபம் வந்தது. பணத்துக்காக ஒரு மனுஷனை இப்படியும் செய்வாளா என்று நினைத்தேன். அதை இப்போதும் மறைக்க விரும்பவில்லை.

அவள் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். நெற்றிப் பலகையில் சந்தனம் அப்பிப் பொட்டு வைத்தாள். கற்பூரம் காட்டி, பூசணிக்காயைச் சுற்றி உடைத்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“எல்லாரும் பாத்துக்கங்க. கால் போனவுகளே உள்ள உக்காந்திருக்காக. இந்த வண்டிமேல எங்க வயித்தெரிச்சல் இல்ல. வண்டி என்ன செய்யும்? பேப்பர் கட்டாதவன்மேலதான் இருக்கு. இத வாங்குறவுக நல்லா இருப்பாக.”

கூட்டத்தில் ஒரு கிழவி குலவையிட்டாள். அவரை இறக்கி மாட்டு வண்டியில் ஏற்றும்போது அக்கா தன் சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். நான் எட்டிப்போய் நின்றேன். அவளே என் பக்கம் வந்தாள்.

“பொய்தான் தாயி” என்றாள். “இருக்கு. நெறைய இருக்கு.”

தை மாதக் கடைசியில் நடந்த இரண்டாவது ஏலத்தில் லாரி போயிற்று. காரியாபட்டிப் பக்கத்துப் புளி வியாபாரி ஒருவர் எடுத்தார். தீர்ப்பில் சொன்னதில் முக்கால்வாசி அதில் தேறியது. அந்தப் பணத்தில் நூல் வாங்கி, ஆள் வைத்துத் தறியை ஓட்டினார்கள். கோழிகளுக்குப் பின்வாசலில் கூடு கட்டியாகிவிட்டது. இதெல்லாம் பிறகு. ஏலம் முடிந்த அன்றைக்கு நடந்தது வேறு.

புளி வியாபாரி லாரியைக் கிளப்பிக்கொண்டு வளாகத்து வாசலுக்கு வந்தார். நடுவாசலில் அக்கா நின்றாள். அவள் வேலை முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போயிருக்கலாம்.

“பேப்பர் இருக்கா?”

“எந்தப் பேப்பரு?”

“இன்சூரன்சு.”

“இப்பத்தான ஆத்தா எடுத்திருக்கேன். ஊருக்குக் கொண்டுபோயி நாளைக்குக் கட்டிக்கிறேன்.”

“ஊருக்குப் போற வழியில எத்தன சைக்கிளு போகும்?” என்று கேட்டாள்.

அவர் ஆரனை அழுத்தினார். திட்டினார். இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டர் பனியனோடு ஜன்னலில் தலையைக் காட்டிவிட்டு, “அந்தம்மா சொல்றது சட்டந்தான்யா” என்று உள்ளே போய்விட்டார். புளி வியாபாரி லாரியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறி மதுரைக்குப் போய், மறுநாள் பேப்பரோடு வந்தார். அக்கா அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாளாம். பிறகு, “டைப்பு அடிக்கிற புள்ள படிச்சுச் சொல்லட்டும்” என்று சொல்லிவிட்டாள்.

அப்படித்தான் அந்த லாரி அன்று மத்தியானம் என் கடை வாசலில் வந்து நின்றது. அக்கா படியில் தொத்திக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே இடம் இருந்தும் உட்காரவில்லை. நான் வாசித்தேன். நம்பர் சரி. அடுத்த வருஷம் தை மாதக் கடைசி வரைக்கும் செல்லும் என்றேன். அவள் விரலை மடக்கித் தெலுங்கில் மாதங்களை எண்ணினாள். “போங்க” என்று அவருக்கு வழிவிட்டாள்.

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அடுத்த வருஷம் தை மாதம் கடைசி வாரத்தில் அக்கா கடை வாசலில் வந்து நின்றாள்.

“அந்த லாரிக்குப் பேப்பர் முடியுது. புளிக்காரருக்கு ஒரு கடுதாசி அடி.”

“அவரு லாரி, அவரு பாத்துக்கிட மாட்டாரா?”

“முந்தி வச்சிருந்தவன் பாத்தானா?”

அடித்தேன். தங்கள் லாரியின் இன்சூரன்சு இன்ன தேதியோடு முடிகிறது, உடனே கட்டவும் என்று இரண்டு வரி. “கட்டாட்டி நான் வருவேன்னு போட்டியா?” என்றாள். போட்டேன் என்று சொல்லி, அடிக்காத வரியையும் சேர்த்து வாசித்துக் காட்டினேன். காகிதத்தை வாங்கி விரல் வைத்து எண்ணினாள். “நீ படிச்சது மூணு. இதுல ரெண்டுதான் இருக்கு” என்றாள். மூன்றாவதையும் அடித்துக் கொடுத்தேன். கீழே கைநாட்டு வைத்தாள். நின்றுகொண்டேதான்.

ஒவ்வொரு தை மாதமும் வந்தாள். ஆறு வருஷமோ ஏழு வருஷமோ. எனக்குக் கல்யாணமாகி, அதே தெருவில் வீடு பிடித்து, கடை என் பேருக்கு மாறியபிறகும் வந்தாள். புளிக்காரர் ஒரு தடவைகூடப் பதில் போட்டதில்லை.

ஒரு வருஷம் தை முடியப் போகிறது, அவள் வரவில்லை. விசாரித்தால், பரமக்குடியில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டோடு இருவரும் போய்விட்டதாகச் சொன்னார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனதில் எனக்கு வருத்தம்தான். அவள் எங்கே நின்று சொல்லிக்கொள்ளப் போகிறாள் என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் வேலை ஓடவில்லை. பெஞ்சில் ஆள் குறட்டை விட, வாசலுக்கும் மேசைக்கும் நடுவே நான் நடந்துகொண்டிருந்தேன்.

கடைசி நாள் அன்று காகிதத்தைச் செருகினேன். மூன்று வரியும் அடித்தேன். கைநாட்டுக்கு விடுகிற இடத்தை வெறுமனே விட்டு, உறையில் போட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

பரமக்குடியிலும் டைப் அடிக்கிறவர்கள் இருப்பார்கள். அக்கா சும்மா இருந்திருக்கமாட்டாள். அந்த வருஷம் புளிக்காரருக்கு இரண்டு கடிதம் போயிருக்கும். போகட்டும்.